சித்தியின் கால் எரிச்சலும் இரண்டு மருத்துவர்களும்

மெல்போர்னிலிருந்து வந்த இந்த விடுமுறையில் பாதி சித்தியின் கால்களுக்கே போனது. நெடுநாளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது, நடந்தால் பஞ்சின் மேல் கால் வைப்பதுபோல் இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு மாமி சொன்னதால் முதலில் மேற்கு மாம்பலத்தில் ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் போனோம்.

கவனிப்பில் குறை சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு உள்ளே அழைத்தார்கள். தாகம் எப்படி, குளிர் தாங்குமா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று பொறுமையாகக் கேட்டார், சித்தி மலர்ந்துபோனார். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தச் சொல்லாததையும் பாராட்ட வேண்டும். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லவே இல்லை! கையில் கிடைத்தவை 30 வீரியச் சர்க்கரை உருண்டைகள். நூற்றில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கவைத்த பிறகு மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் சொல்லிவிட்டது. சித்தியிடம் இதைச் சொன்னால் எடுபடுமா?

அடுத்து ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனை. டோக்கன், கூட்டம், சத்தமாக ஓடும் தொலைக்காட்சி, காத்திருப்பு கொடுமை. உள்ளே போனதும் காட்சி மாறியது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்கள். இசைக்கவையைத் தட்டி, அதிர்வு தெரிகிறதா என்று கால் பெருவிரலில் வைத்தார்கள். பல இடங்களில் சித்திக்கு எதுவும் தெரியவில்லை, நரம்பு கெட்டிருப்பதன் அடையாளம் அது. குதிகாலில் ஆழமான வெடிப்பு ஒன்று இருந்ததையும் அங்கேதான் பார்த்தோம்.

ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவு. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் அது குறையலாம், அந்தக் குறைவே நரம்பைக் கெடுக்கலாம், ஆனால் ஈடுசெய்துவிடலாம் என்றார் மருத்துவர். எரிச்சலுக்குப் பிரிகாபலின் எழுதினார். அது வலியைத்தான் குறைக்கும், நரம்பைச் சீராக்காது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் மேலும் கெடாமல் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

கடைசியாக மென்மையான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். சித்தி விடுவாரா? "கபாலி கோயிலுக்குச் செருப்போடா போவது?" என்று கேட்டார். மருத்துவருக்கு இது பழகிய கேள்வி போலும். "கல் சுடுவதற்கு முன்பே காலையில் போய்விடுங்கள் அம்மா, தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வந்ததும் பாதத்தைப் பாருங்கள்" என்றார். காலுறை வாங்கப் பாண்டி பஜாருக்கு நானும் சித்தியும் ஆட்டோ பிடித்தோம்.