பேட்டை ரோட்டு வாட்டர் வாஷ்: நூறு ரூபாய் கூடத்தான், ஆனாலும் போகலாம்

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிற குட்டியானை வண்டி என்னுடையது. அழுகின தக்காளியும் சேறும் கிரீஸுமாக அடிப்பக்கம் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். மற்ற இடங்களில் 300 ரூபாய்க்குக் கழுவி விடுவார்கள். இங்கே 400. ஏன் என்று கேட்டால் கடைக்கார அண்ணாச்சி பேசமாட்டார், கொக்கியை மாட்டித் தரையில் கிடக்கிற சிலாப்பைத் தூக்கிக் காட்டுவார்.

உள்ளே வரிசையாக மூன்று தொட்டி. கழுவின தண்ணீர் முதல் தொட்டியில் விழுந்ததும் மண் அடியில் தங்கிவிடும். இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும். அடுத்த தொட்டிக்குப் போகிற குழாயின் வாயைத் தண்ணீருக்குள் தாழ வளைத்து வைத்திருக்கிறார். அதனால் அடித்தண்ணீர் மட்டும்தான் தாண்டும். மேலே நிற்கிற கறுப்பு எண்ணெயைப் பையன் தகர டப்பாவால் வழித்துக் கேனில் ஊற்றுகிறான். மூன்றாவது தொட்டித் தண்ணீரை மோட்டார் போட்டு எடுத்து அடுத்த வண்டியின் டயருக்கு அடிக்கிறார்கள். பாடிக்கு போர் தண்ணீர்தான்.

இந்தத் தொட்டிகள் இல்லையென்றால் எல்லாம் சாக்கடைக்கு, அங்கிருந்து வாய்க்காலுக்கு. வாய்க்காலிலேயே வண்டியை இறக்கிக் கழுவுகிற ஆட்களும் உண்டு. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து வருகிற நெல்லைக் கால்வாய்த் தண்ணீர்தான் நயினார்குளத்தில் சேர்கிறது. எண்ணெய் படர்ந்தால் தண்ணீருக்குள் காற்று இறங்காது. சோப்பில் பாஸ்பேட் இருந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் அதைத் தின்றே கொழுக்கும். தீனி தினமும் போய்க்கொண்டிருக்க, ஜேசிபி வைத்து ஆகாயத்தாமரையை அள்ளி என்ன பிரயோஜனம்?

சரி, குறைக்கு வருகிறேன். பையன் தொட்டிகளில் காட்டுகிற அக்கறையை வண்டியின் பின்கதவு இடுக்கில் காட்டுவதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், முதல் தொட்டிச் சேற்றை வெட்டிச் சாக்கில் கட்டி மூலையில் அடுக்கியிருக்கிறார். எண்ணெய்க் கேனை லைசென்ஸ் உள்ள ஆள் வந்து எடுத்துப்போவாராம். சாக்கு எங்கே போகும் என்று கேட்டதற்கு, “அதுக்கு ஒரு வழி இருக்கு வே” என்றார். என்ன வழி என்று சொல்லவில்லை. கிரீஸ் ஊறின மண்ணை ஏதாவது ஓடைக்கரையில் தட்டினால் இத்தனை தொட்டி கட்டியும் வீண். ஒரு ஸ்டார் குறைத்தது அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், கார்க்காரர்கள் கூட்டம். வாரநாளில் மத்தியானம் போனால் உடனே ஏற்றிவிடுவார். ஷாம்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றால் 50 ரூபாய் குறைப்பார். லோடு வண்டிக்கு அதுவே தாராளம்.