வெப்பேக்கும் சாஸும் கழன்ற பிறகு: வீட் 4 முதல் 7 வரையிலான புழக்கம்

வீட் என்பது வலைச்செயலியின் கோடை எழுதும்போது (டெவ்) ஓட்டிக் காட்டி, பயனருக்கு வெளியிடுமுன் (புரொடக்ஷன்) கோப்புகளாகக் கட்டித் தரும் (பில்ட்) கருவி. வெப்பேக் அதே வேலையின் பழைய கருவி, சாஸ் சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் ஸ்டைல் மொழி. வீட் என்ற பெயரை முதலில் சரிசெய்துவிடலாம். பிரெஞ்சில் "விரைவு" என்று பொருள். உச்சரிப்பு "வைட்" இல்லை, "வீட்". உருபு சேர்த்தால் "வீட்டுக்கு மாறினோம்" என்று குடிபெயர்ந்த கதையாகிவிடும் என்பதால் இங்கே எல்லா இடத்திலும் சிறுகோடு போட்டு எழுதியிருக்கிறது.

வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவிய ஐந்தாவது நிமிடத்தில் எவருக்கும் தெரிந்துவிடும். வெப்பேக்கை உள்ளே வைத்து ரியாக்ட் திட்டங்களைத் தொடங்கித் தந்த கிரியேட் ரியாக்ட் ஆப்புக்கு ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்துவிட்டதால், மாறலாமா வேண்டாமா என்ற விவாதமும் அநேகமாக முடிந்துவிட்டது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஓடிய பிறகு எது உடைகிறது, பேக்கேஜ் ஜேசனிலிருந்து (திட்டம் சார்ந்திருக்கும் வெளி நூலகங்களின் பட்டியல்) எதைத் துணிந்து கழற்றலாம், எதைக் கழற்றினால் திரும்ப மாட்ட வேண்டிவரும் என்பதுதான் இங்கே விஷயம்.

டெவ்வில் ஓடும், பில்டில் உடையும்

7ஆம் பதிப்பு வரை வீட்-க்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. டெவ் சர்வர் உங்கள் கோப்புகளை ஒன்றாகக் கட்டுவதில்லை. பிரவுசர் கேட்கக் கேட்க ஒவ்வொரு மாட்யூலாக அனுப்புகிறது. வெளி நூலகங்களை மட்டும் ஈஎஸ்பில்ட் முன்கூட்டியே கட்டி நோட் மாட்யூல்ஸுக்குள் ஒரு மறைவு ஃபோல்டரில் வைக்கும். புரொடக்‌ஷன் பில்டைச் செய்வதோ ரோல்அப். 8ஆம் பதிப்பில் இரண்டுக்கும் பதிலாக ரஸ்டில் எழுதிய ரோல்டவுன் என்ற ஒரே இயந்திரம் வந்துவிட்டது. 7 வரையில் "என் மெஷினில் ஓடுகிறதே" என்ற பேச்சுக்கு வீட்-இல் கூடுதல் அர்த்தம் உண்டு. மெர்ஜ் செய்யுமுன் பில்ட் செய்து, ப்ரிவ்யூ கட்டளையால் 4173 போர்ட்டில் ஒருமுறை திறந்து பார்ப்பது கட்டாயம்.

இந்த இடைவெளியில் அடிக்கடி விழும் குழிகள் மூன்று. ஒன்று, டைப்ஸ்கிரிப்ட் (டைப் குறிப்புகள் சேர்ந்த ஜாவாஸ்கிரிப்ட்). ஈஎஸ்பில்ட் டைப்புகளை அழிக்குமே தவிரச் சரிபார்க்காது. பில்ட் ஸ்கிரிப்டில் டைப்புகளைச் சரிபார்க்கும் டிஎஸ்சி கட்டளை தனியாக முன்னால் இல்லையென்றால் டைப் பிழையோடு தளம் வெளியே போய்விடும். இரண்டு, சின்ன ஐகான்கள். 4,096 பைட்டுக்குக் குறைவான படங்களை வீட் பேஸ்64 ஆக்கிக் கோடுக்குள்ளேயே வைத்துவிடும். சர்வரின் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எங்கிருந்து வருவதை ஏற்றலாம் என்ற விதி) இப்படி உள்ளே வைத்த டேட்டா யூஆர்எல்லை அனுமதிக்காவிட்டால், பெரிய படங்கள் எல்லாம் வரும், சின்னவை மட்டும் காணாமல் போகும், அதுவும் புரொடக்‌ஷனில் மட்டும். அசெட்ஸ் இன்லைன் லிமிட்டை 0 ஆக்கினால் தீர்ந்தது. மூன்று, சிஎஸ்எஸ் வரிசை. டெவ்வில் இம்போர்ட் ஆன வரிசையில் ஸ்டைல்கள் ஏறும். பில்டில் துண்டுகளாகப் பிரிந்து வேறு வரிசையில் வரலாம். இதற்கான மருந்து வீட்-இல் இல்லை, சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. கீழே வருகிறது.

டெவ் சர்வர் நாளாக நாளாக மெதுவானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேரல் ஃபைல்கள். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் மறு ஏற்றுமதி செய்யும் இன்டெக்ஸ் கோப்பிலிருந்து ஒரே ஒரு பட்டனை எடுத்தாலும், அதன் பின்னால் உள்ள அத்தனை கோப்பையும் பிரவுசர் தனித்தனியாகக் கேட்கும். நேரடிப் பாதையில் இம்போர்ட் செய்தால் வேகம் திரும்பிவிடும்.

என்விரான்மென்ட் மாறிகள் (சர்வருக்குச் சர்வர் மாறும் அமைப்பு மதிப்புகள்) பில்ட் நேரத்திலேயே கோடுக்குள் பதிந்துவிடுகின்றன. வீட் என்ற முன்னொட்டு உள்ளவை மட்டும் பிரவுசருக்குப் போகும். முன்னொட்டு இருந்தால் கட்டாயம் போகும். அதில் ரகசியச் சாவி வைப்பவர்கள் சாவியைத் தெருவில் வைக்கிறார்கள். ஒரே டாக்கர் இமேஜை (ஓட்டத் தயாராகக் கட்டிய பொதி) சோதனைக்கான ஸ்டேஜிங்குக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஓட்ட விரும்பினால் இந்த வழி ஒத்துவராது. தளம் திறக்கும்போது படிக்கிற ஒரு சிறு ஜேசன் கோப்பில் அமைப்புகளை வைக்க வேண்டும்.

டெப்ளாய் அன்று வரும் வெள்ளைத் திரை

நீண்ட புழக்கத்தில் அதிகம் வரும் புகார் இதுதான். பயனர் காலையில் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். மதியம் புதிய பில்ட் ஏறுகிறது. கோப்புப் பெயர்களில் உள்ள ஹேஷ் (உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாறும் குறியீடு) மாறிவிட்டது, பழையவை அழிந்துவிட்டன. அவர் வேறொரு மெனுவைத் தொட்டதும், தேவைப்படும்போது மட்டும் ஏறவேண்டிய துண்டு சர்வரில் இல்லை. திரை வெள்ளை.

எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வரின் அமைப்பு இதை இன்னும் குழப்பும். ஒற்றைப் பக்கச் செயலிக்காக "கோப்பு இல்லையென்றால் இன்டெக்ஸைக் கொடு" என்று எழுதிய விதி அசெட்ஸ் ஃபோல்டருக்கும் பொருந்திவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் 200 நிலையோடு எச்டிஎம்எல் வந்து சேரும். கன்சோலில் மைம் டைப் பிழை தெரியும், உண்மைக் காரணம் தெரியாது.

சரிசெய்ய நான்கு வேலைகளும் சேர்ந்தே வேண்டும். இன்டெக்ஸ் பக்கத்துக்கு நோ கேஷ் ஹெடர் (ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேள்), ஹேஷ் உள்ள அசெட்களுக்கு ஓராண்டு இம்யூட்டபிள் (மாறாது, திரும்பக் கேட்காதே). அசெட்ஸ் ஃபோல்டருக்குத் தனி லொகேஷன் எழுதி, கோப்பு இல்லாவிட்டால் 404. பழைய அசெட்களை டெப்ளாயில் உடனே அழிக்காமல் சில நாள் விட்டுவைத்தல். கடைசியாக, வீட் எழுப்பும் ப்ரீலோட் எரர் நிகழ்வைப் பிடித்துப் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்தல். அந்த "ஒருமுறை"யை செஷன் ஸ்டோரேஜில் குறித்துவைக்காவிட்டால், கோப்பு நிஜமாகவே இல்லாத நாளில் பக்கம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பதிப்பு ஏற்றம்

5ஆம் பதிப்பு (2023 நவம்பர்) நோட் 18 கேட்டது (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது நோட்). 7ஆம் பதிப்பு (2025 ஜூன்) 20.19 அல்லது 22.12 கேட்கிறது. "20 இருக்கிறதே" என்று நினைத்துச் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சர்வரில் 20.11 வைத்திருப்பவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நடுவில் 2025 ஜனவரியில் வந்த 6.0.9 ஒரு சின்னத் திருத்தம்போலத் தெரிந்தாலும், டனல் வழியாகவோ சொந்த டொமைன் பெயரிலோ டெவ் சர்வரைத் திறந்தவர்களுக்குத் திடீரென்று "இந்த ஹோஸ்டுக்கு அனுமதியில்லை" என்று காட்டியது. வேறு வலைத்தளங்கள் உங்கள் டெவ் சர்வரிடம் கேள்வி கேட்டுப் பதிலைப் படிக்க முடிந்த ஓட்டையை அடைத்ததன் விளைவு அது. அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் அந்த ஒரு டொமைனை மட்டும் சேருங்கள். பொறுமை இழந்து ட்ரூ (எல்லா ஹோஸ்டும் சரி) என்று போட்டால் ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும்.

7-இல் சத்தமில்லாமல் மாறிய இன்னொன்று, இயல்பு இலக்கு பிரவுசர்கள். குரோம் 107, பயர்பாக்ஸ் 104, சஃபாரி 16 என்று ஏறிவிட்டது. ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-க்கு மேல் கிடையாது, ஆகவே அது இப்போது வெளியே. அந்தப் போன்கள் உங்கள் பயனர்களிடம் இருந்தால் பில்ட் டார்கெட்டைக் கையால் எழுதுங்கள். டார்கெட் என்பது தொடரமைப்பை மட்டுமே பழையபடி மாற்றும். இல்லாத ஃபங்ஷனைக் கொண்டுவந்து தராது. அதற்கு லெகசி ப்ளகின் தனியாக வேண்டும்.

சாஸை விட்டது எவ்வளவு தூரம் சரி

டார்ட் சாஸ் 1.80 (2024 அக்டோபர்) இம்போர்ட் விதிக்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கியதும், திருத்துவதா கழற்றுவதா என்ற கேள்வி பலருக்கு வந்தது. சாஸை நெஸ்டிங்குக்காகவும் (ஒரு ஸ்டைல் விதிக்குள் இன்னொன்றை எழுதுவது) மாறிகளுக்காகவும் மட்டும் வைத்திருந்தவர்கள் கழற்றலாம், இரண்டும் இப்போது பிரவுசரின் சிஎஸ்எஸ்ஸிலேயே உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றினால் போதாது.

சாஸில் & குறியோடு ஒரு வாலை ஒட்டிக் "கார்ட்" என்பதிலிருந்து "கார்ட் தலைப்பு" என்ற கிளாஸ் பெயரை உண்டாக்குவது பழக்கம். பிரவுசரின் நெஸ்டிங்கில் & என்பது எழுத்து இல்லை, செலக்டர். ஒட்டு வேலை செய்யாது, பிழையும் காட்டாது, ஸ்டைல் மட்டும் மறைந்துபோகும். இப்படி வால் ஒட்டிப் பெயரிடும் பிஇஎம் முறையில் எழுதிய திட்டத்தில் அநேகமாக எல்லா இடத்தையும் தொட வேண்டிவரும். அடுத்தது இதைவிட நுட்பமானது. ஒரு ஐடியையும் ஒரு கிளாஸையும் காற்புள்ளியிட்டு எழுதி அதற்குள் நெஸ்ட் செய்தால், சாஸ் இரண்டையும் தனித்தனியாக விரிக்கும். பிரவுசரோ & குறியை "இஸ்" செலக்டர்போல எடுத்துக்கொண்டு, பட்டியலில் கனமானதன் எடையை எல்லாவற்றுக்கும் கொடுக்கும். கிளாஸுக்கு ஐடியின் எடை வந்துவிடும். பின்னால் வரும் ஓவர்ரைடு (முந்தைய ஸ்டைலை மாற்றும் விதி) ஏன் பிடிக்கவில்லை என்று மணிக்கணக்கில் தேட வைப்பது இதுதான்.

நிறத்தைக் கருமையாக்கும் சாஸ் ஃபங்ஷனுக்குப் பதில் கலர் மிக்ஸ் இருக்கிறது. மீடியா குவெரியின் நிபந்தனைக்குள் கஸ்டம் ப்ராப்பர்ட்டி (சிஎஸ்எஸ் மாறி) வேலை செய்யாது என்பதால் பிரேக்பாயின்ட் எண்களைத் திரும்பத் திரும்ப எழுதத்தான் வேண்டும். லூப் போட்டு நாற்பது கிளாஸ்களை உண்டாக்கும் கோப்பு இருந்தால், அந்த ஒரு கோப்புக்காகச் சாஸை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாஸைக் கழற்றியதைவிட அதிகப் பலன் கொடுத்தது, ஸ்டைல்களை முன்னுரிமைப்படி அடுக்கும் சிஎஸ்எஸ் லேயர். மேலே சொன்ன வரிசைக் குழிக்கு மருந்தும் இதுதான். கோப்பின் முதல் வரியிலேயே ரீசெட், வெளிநூலகம், கூறுகள், யுடிலிட்டி என்று லேயர்களின் வரிசையை அறிவித்துவிட்டால், பில்டில் எந்தத் துண்டு முன்னால் வந்தாலும் வெற்றி தோல்வி மாறாது. ஆனால் அந்த அறிவிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறவேண்டும், ஆகவே இன்டெக்ஸ் பக்கத்தின் ஹெட்டிலேயே வைப்பது நல்லது. லேயருக்குள் போகாத ஸ்டைல் லேயருக்குள் இருப்பதை எப்போதும் வெல்லும். இம்பார்ட்டன்ட் போட்டால் வரிசை தலைகீழாகும்.

கன்டெய்னர் குவெரியில் (திரைக்குப் பதில் பெட்டியின் அளவைப் பார்த்து ஸ்டைலை மாற்றுவது) விழும் அடி ஒன்றுதான். ஃபிளெக்ஸுக்குள் இருக்கும், அகலம் குறிப்பிடாத பெட்டிக்கு இன்லைன் சைஸ் கன்டெய்னர் என்று போட்டால், உள்ளடக்கத்திலிருந்து அகலம் எடுப்பது நின்று, பெட்டி பூஜ்யமாகச் சுருங்கும். வளரும் ஃபிளெக்ஸ் மதிப்போ அகலமோ கொடுங்கள். கன்டெய்னர் தன்னையே அளந்து தன் ஸ்டைலை மாற்ற முடியாது, வெளியே ஒரு உறை வேண்டும்.

மோடல் நூலகத்தைக் கழற்றி டயலாக் டேக் வைத்தவர்கள் முதலில் காண்பது, மூடியிருக்க வேண்டிய டயலாக் பக்கத்தின் நடுவே எப்போதும் நிற்பதை. டயலாக்குக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் கொடுத்ததுதான் காரணம். பிரவுசரின் மறைப்பை அது மிதித்துவிடுகிறது. ஓப்பன் நிலையில் மட்டும் ஃபிளெக்ஸ் கொடுக்க வேண்டும். பின்னணி ஸ்க்ரோலும் தானாக நிற்காது. பாடிக்கு ஹேஸ் செலக்டரால் ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டால் நின்றுவிடும், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

எதை எப்போது நம்புவது என்பதற்கு, ஒரு வசதி எல்லா முக்கியப் பிரவுசரிலும் வந்துவிட்டதா என்று குறிக்கும் பேஸ்லைன் தேதிகள் உதவும். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்த நாளில் "புதிதாக". அதிலிருந்து 30 மாதம் கழித்துப் "பரவலாக". கன்டெய்னர் குவெரி 2023 பிப்ரவரியில் வந்தது, 2025 ஆகஸ்டில் பரவலானது. நெஸ்டிங் 2023 டிசம்பர், அதன் 30 மாதம் 2026 ஜூனில். ஓபெரா மினி போன்றவை இந்தக் கணக்கில் இல்லை. கணக்கே தவறியதும் உண்டு. மேலெழும் பெட்டிக்கான பாப்ஓவர் 2024-இல் தேறிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஐபோனில் வெளியே தொட்டால் மூடாத பிழை தெரியவந்ததும் அது திருத்தப்பட்டு, சஃபாரி 18.3-க்குப் பிறகு, 2025 ஜனவரியில்தான் மறுபடி தேறியது.

தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு

எழுத்து எண்ணும் நூலகங்களைக் கழற்றிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் 5 என்று வரும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டர் சரியாக 3 என்று சொல்லும். 2024 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 125-உடன் எல்லாப் பிரவுசருக்கும் வந்துவிட்டது. "லக்ஷ்மி"யில் க்ஷ-வை அது இரண்டாக வெட்டும், ஆகவே 4. ஃபார்ம் பெட்டியின் மேக்ஸ்லெங்த் இன்னமும் பழைய கணக்குத்தான். 20 என்று போட்டால் தமிழ்ப் பெயர் பாதியில், சில நேரம் புள்ளி இல்லாமல் நின்றுவிடும். வரிசைப்படுத்தும்போது வெறும் சார்ட் போட்டால் "கனவு" முன்னால், "கப்பல்" பின்னால் வரும், யூனிகோடில் ன-வுக்குப் பிறகுதான் ப இருக்கிறது. தமிழ் மொழிக்குறியோடு இன்ட்ல் கொலேட்டரைக் கொடுத்தால் அகராதி வரிசை கிடைக்கும்.

லின்டர், பேக்கேஜ்கள்

கோடில் பிழை தேடும் லின்டரான ஈஎஸ்லின்ட் 9 (2024 ஏப்ரல்) ப்ளாட் கான்ஃபிக் என்ற புதிய அமைப்பு முறையை இயல்பாக்கியது. பழைய இக்னோர் கோப்பை அது படிப்பதில்லை. இக்னோர்ஸ் என்ற சாவி தனி ஆப்ஜெக்டில் ஒற்றையாக இருந்தால்தான் திட்டம் முழுவதற்கும் பொருந்தும். பக்கத்தில் ரூல்ஸ் இருந்தால் அந்த ரூல்ஸுக்கு மட்டும். டிஸ்ட் ஃபோல்டரை லின்ட் செய்து ஆயிரக்கணக்கில் பிழை கொட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஃபார்மேட்டரையும் சேர்த்து ஒரே கருவி போதும் என்றால் பயோம் வேகமானது. உங்கள் ஃபிரேம்வொர்க்குக்கான ப்ளகின் விதிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மாறுங்கள்.

பேக்கேஜ் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு வேகத்தைவிட வலுவான காரணம் 2025 செப்டம்பர் 8 அன்று வந்தது. சாக், டீபக் போன்ற, எல்லாரும் மறைமுகமாகச் சார்ந்திருக்கும் என்பிஎம் பேக்கேஜ்கள், பராமரிப்பவர் ஃபிஷிங்கில் சிக்கியதால் நச்சுப் பதிப்புகளாக வெளிவந்தன. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிஎன்பிஎம் 10 இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை இயல்பாகவே ஓட்டாது. தேவையானவற்றை அப்ரூவ் பில்ட்ஸ் கட்டளையால் ஒவ்வொன்றாக அனுமதிக்கலாம். 10.16-இலிருந்து மினிமம் ரிலீஸ் ஏஜ் அமைப்பும் உண்டு. அலகு நிமிடம், 1440 என்றால் ஒரு நாள். வெளியாகி அவ்வளவு நேரம் ஆகாத பதிப்பை எடுக்காது. உங்கள் நிறுவனத்தின் சொந்தப் பேக்கேஜ்களை விலக்குப் பட்டியலில் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காலையில் வெளியிட்ட உங்கள் திருத்தமே மறுநாள்தான் ஏறும்.