அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ஆர்.வி.க்குக் கரண்ட்: ஒரு 30 ஆம்ப் வண்டிக்காரரின் அனுபவம்

எங்கள் ஆர்.வி., அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி, காருக்குப் பின்னால் இழுக்கும் 26 அடி ட்ரெய்லர். கூரையில் ஒரே ஒரு ஏசி, 30 ஆம்ப் இணைப்பு. பல வருடங்களாக இதை இழுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றி வருகிறோம். புதிதாக ஆர்.வி. வாங்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "பூங்காவுக்குள்ளேயே கரண்ட் கிடைக்குமா?" என்பதுதான். பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும், எல்லாப் பருவத்திலும் அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

ஏன் கிடைப்பதில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கார்கள் கண்டபடி ஏறி மண்ணை இறுக்கி மர வேர்களை நாசம் செய்வதைப் பார்த்த மெய்னெக்கே என்ற தாவர நோய் வல்லுநர், 1930களில் முகாம்களுக்கு ஓர் அமைப்பைச் சொன்னார்: ஒருவழி வளையப் பாதை, அதிலிருந்து பிரியும் சின்னச் சின்ன நிறுத்தங்கள், வண்டி அதைத் தாண்டக்கூடாது. பிறகு 1956 முதல் 1966 வரை நடந்த 'மிஷன் 66' திட்டத்தில் ஏராளமான முகாம்கள் கட்டப்பட்டபோதும் அதே வளையம்தான். அன்றைய குட்டி ட்ரெய்லர்களில் ஏசி ஏது, மைக்ரோவேவ் ஏது? யோசெமிட்டி பூங்காவில் இன்றைக்கும் ஒரு சைட்டில்கூட (வண்டி நிறுத்தித் தங்கும் இடம்) ஹூக்கப், அதாவது கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, கிடையாது. க்ளேஷியரிலும் அதே நிலைதான்.

விதிவிலக்கான இடங்களில் நாங்கள் அதிகம் தங்கியது ஸயான் பூங்காவில் உள்ள வாட்ச்மேன் முகாம். அங்கே கரண்ட் மட்டும் உண்டு; தண்ணீரையும் கழிவுநீரையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும், ஜெனரேட்டருக்கும் அனுமதி இல்லை. அதனால் கரண்ட் உள்ள சைட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன். பள்ளத்தாக்குக்குள் போகும் ஷட்டில் பஸ்ஸுக்கு நடந்தே போய்விடலாம், பகலில் வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் ட்ரெய்லர் வில்லேஜ் இருக்கிறது. கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் சைட்டிலேயே. ரிவர்ஸ் எடுக்காமல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம் என்பதே பெரிய நிம்மதி. ஆனால் நிழல் குறைவு, வரிசையாக வண்டிகள். பக்கத்திலேயே இருக்கும் மேத்தர் முகாமில் ஹூக்கப் இல்லை, மரங்கள் உண்டு.

யெல்லோஸ்டோனில் ஹூக்கப் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கித்தான் சுவர் வைத்த பாப்-அப் ட்ரெய்லர் கூடாது. அங்கே ரசம் தாளித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தாளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். மரணப் பள்ளத்தாக்கு என்று தமிழில் சொல்லிப் பார்க்கத் தோன்றும் டெத் வேலியில், ஃபர்னஸ் க்ரீக் முகாமில் 18 சைட்டுகளுக்கு முழு ஹூக்கப் உண்டு. குளிர்காலத்தில் அவை எப்போதும் நிரம்பியே இருக்கும். பிக் பெண்ட் பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜில் அப்படி 25 சைட்டுகள். அது பார்க்கிங் லாட் மாதிரிதான் இருக்கும், அழகை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சரி, கரண்ட் கிடைத்துவிட்டது. 30 ஆம்ப் என்றால் எவ்வளவு? 120 வோல்ட்டில் 3600 வாட். வீட்டுக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. எங்கள் ஏசி வெயில் நேரத்தில் 14 ஆம்ப் வரை இழுக்கும். வாட்டர் ஹீட்டரைக் கரண்டில் போட்டால் இன்னொரு 12. ஆக 26. இந்த நிலையில் இன்ஸ்டன்ட் பாட் என்ற கரண்ட் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வைத்தால் கூடுதலாக எட்டு, ஒன்பது ஆம்ப்; 30-ஐத் தாண்டியதும் பிரேக்கர் விழுந்துவிடும், அவ்வளவுதான். "ஏங்க, திரும்பவும் கட் ஆயிடுச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இப்போது வாட்டர் ஹீட்டரும் ஃப்ரிட்ஜும் எங்களுக்கு எப்போதும் கேஸில்தான். மிக்ஸி ஓடும் இரண்டு நிமிடம் மைக்ரோவேவைத் தொடக்கூடாது என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இன்னொரு விஷயம்: சைட்டில் நாம் பிளக் செருகும் கரண்ட் பெட்டி நாள் முழுக்க வெயிலில் காய்ந்திருந்தால் அதிலுள்ள பிரேக்கர் 30 ஆம்ப் வரைகூடப் பொறுக்காது, முன்பே விழுந்துவிடும். சூட்டில் வேலை செய்யும் பிரேக்கரின் குணமே அது.

இதைவிடப் பெரிய தொல்லை லோ வோல்டேஜ். நம்மூரில் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அமெரிக்காவிலும் இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு பாலைவனப் பூங்காவில், பெயர் வேண்டாம், காலையில் மீட்டர் 117 வோல்ட் காட்டியது. மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் நடை முடிந்து திரும்பி ஏசியைப் போட்டதும் 110, 107, அப்புறம் 103. எங்கள் பாதுகாப்புக் கருவி 104-க்குக் கீழே போனால் தானே துண்டித்துவிடும். டக்கென்று எல்லாம் அமைதி. பக்கத்து வண்டிகளில் ஏசி மட்டும் முனகிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் கேட்டால், "சாயங்காலம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். அன்றைக்கு ஓடிவிட்டாலும் ஆயுள் குறையும். அதிலிருந்து மதியமே வண்டியை நன்றாகக் குளிர வைத்துவிட்டு, ஐந்திலிருந்து எட்டு மணி வரை ஃபேனிலேயே ஓட்டுகிறோம். எட்டுக்கு மேல் வோல்டேஜ் ஏறிவிடும்.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் வாங்கச் சொல்வது இந்தப் பாதுகாப்புக் கருவியைத்தான். கடையில் இரண்டு வகை இருக்கும். சர்ஜ் ப்ரொடெக்டர் என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பது இடி, மின்னலால் வரும் திடீர் ஏற்றத்தை மட்டும் தாங்கும். விலை கூடியது வோல்டேஜைக் கண்காணிக்கும், எர்த் இல்லாவிட்டாலும் ஒயர் மாறியிருந்தாலும் வண்டிக்குள் கரண்டை விடாது. இரண்டாவதையே வாங்குங்கள்.

சைட்டுக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது பிளக் ஓட்டைகளை. ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம். பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும், அது இறுக்கமாக உட்கார வேண்டும். ஏசி ஓடி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை; கை வைக்க முடியாத சூடு என்றால் சைட்டை மாற்றித் தரச் சொல்லிவிடுவேன். கேபிள் எட்டவில்லை என்று தோட்டத்துக்குப் போடும் ஆரஞ்சு எக்ஸ்டென்ஷனை இழுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். 30 ஆம்புக்கு 10 கேஜ் கனமுள்ள ஒயர் வேண்டும்.

ஹூக்கப் இல்லாத இடங்களைப் பற்றி. யோசெமிட்டியில் ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மணி வரை மட்டுமே ஓட்டலாம். எங்களிடம் 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு, கூரையில் சோலார். விளக்கு, ஃபேன், போன் சார்ஜ், இன்வெர்ட்டரில் மிக்ஸி எல்லாம் தாராளமாக ஓடும். ஏசி மட்டும் முடியாது. ஆனால் மலைப் பூங்காக்களில் ஜூலை இரவிலேயே போர்வை வேண்டும், ஏசி எதற்கு? குளிரில்தான் பேட்டரிக்குச் சோதனை. கேஸ் ஹீட்டரின் விசிறி 12 வோல்ட்டில் ஏழு, எட்டு ஆம்ப் இழுக்கும். பழைய ஈய பேட்டரி விடியற்காலை நான்கு மணிக்குக் கையை விரித்துவிடும். செப்டம்பர் கடைசியில் யெல்லோஸ்டோன் போனால் ஹூக்கப் எடுப்போம். ஜூலையில் போனால் எடுக்க மாட்டோம், ஆற்றங்கரையில் உள்ள மேடிசன் முகாமே போதும்.

முன்பதிவிலும் ஒரு குழப்பம் உண்டு. வாட்ச்மேன், ஃபர்னஸ் க்ரீக் போன்றவை அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் இருக்கும். ட்ரெய்லர் வில்லேஜ், ஃபிஷிங் பிரிட்ஜ் இரண்டையும் நடத்துவது ஒப்பந்த நிறுவனங்கள். அவர்கள் தளத்தில் தனியாகத் தேட வேண்டும்.

50 ஆம்ப் வண்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதில் 120 வோல்ட் லைன் இரண்டு, மொத்தம் 12,000 வாட். இரண்டு ஏசி இருந்தால் அவசியம். ஒரே ஏசி என்றால் 30 போதும். சைட்டில் இரண்டு சாக்கெட்டும் இருந்தால் நான் அடாப்டர் போட்டு 50-லேயே செருகுகிறேன். வண்டியின் மெயின் பிரேக்கர் 30-க்கு மேல் விடாது என்பதால் கூடுதல் வாட் எதுவும் கிடைக்காது. ஆனால் அந்தச் சாக்கெட் பெரும்பாலும் அவ்வளவு தேய்ந்திருக்காது, வெயிலில் பெட்டி பிரேக்கர் விழுவதும் நின்றுவிட்டது.