கிராமர் விதியா, நீக்கல் முறையா?

பல மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் வழிகள் இவை. பிளஸ் டூ கணக்கின் முதல் பாடத்திலேயே இரண்டும் வந்துவிடும். கிராமர் பக்கம் கை போவது இயல்புதான். சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை. ஆனாலும் என் ஓட்டு காஸ் நீக்கல் முறைக்கே.

பழைய சீன நூலான ‘ஒன்பது அத்தியாயங்க’ளில் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்வோம். கதிர்க்கட்டு மூன்று ரகம். ரகத்துக்கு முறையே 3, 2, 1 கட்டு எடுத்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. ஒரு கட்டுக்கு எவ்வளவு?

கிராமர் வழியில் நான்கு அணிக்கோவைகள் (சதுரமாக அடுக்கிய எண்களிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்): கெழுக்களுக்கு, அதாவது மாறிகளைப் பெருக்கும் எண்களுக்கு, 12; ஒவ்வொரு ரகத்தின் கெழுக்களுக்கும் பதிலாக 39, 34, 26ஐ வைத்தால் முறையே 111, 51, 33. பின்னவை மூன்றையும் 12ஆல் வகுத்தால் 9¼, 4¼, 2¾. நீக்கலில் மூன்றாவது நிரையை (சமன்பாட்டை) மேலே ஏற்றி, அதன் மடங்குகளை மற்றதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ‘மூன்றாம் ரகம் 12 கட்டு = 33’ என்று நிற்கும். அதே 12, அதே 33! கிராமர் தன் விதியை வெளியிட்டது 1750இல். சீனர்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே குச்சிகளை அடுக்கி நீக்கல் செய்துவிட்டார்கள்.

மூன்று மாறி வரை எதுவும் சரி. பத்து மாறி வந்தால்? நீக்கலுக்குப் பெருக்கலும் வகுத்தலுமாக 430 போதும். கிராமரில் அணிக்கோவைகளை உறுப்பு உறுப்பாக விரித்தால் சுமார் 36 கோடிப் பெருக்கல். அணிக்கோவையையே நீக்கலால் கண்டுபிடிக்கலாமே என்றால், அப்புறம் கிராமர் எதற்கு?

கெழுக்களின் அணிக்கோவை பூஜ்ஜியமானால் கிராமர் அங்கேயே நின்றுவிடும். நீக்கல் காரணத்தையும் சொல்லும்: ஏதாவது நிரை 0 = 5 என்று முடிந்தால் தீர்வே இல்லை; அப்படி எதுவும் வராமல் கடைசி நிரை 0 = 0 ஆனால் எண்ணற்ற தீர்வுகள். ஒரே ஒரு மாறி மட்டும் வேண்டும், கெழுக்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கின்றன என்றால் மட்டும் கிராமருக்குப் போவேன்.

ஆயிரக்கணக்கில் மாறிகள், கெழுக்களில் பெரும்பாலானவை பூஜ்ஜியம் என்றால் காஸ்-சைடல் முறையையும் பார்க்க வேண்டும். ஒரு மதிப்பை ஊகித்து, திரும்பத் திரும்பத் திருத்துவது. அரைத்தூக்கத்திலும் செய்யலாம் என்று 1823இல் காஸே மாணவர் கெர்லிங்குக்கு எழுதினார். ஆனால் விடையை நோக்கிப் போகும் என்ற உறுதிக்கு, ஒவ்வொரு நிரையிலும் மூலைவிட்ட எண் (முதல் நிரையில் முதல் கெழு, இரண்டாவதில் இரண்டாவது என) கூட்டல், கழித்தல் குறிகளை விட்டுப் பார்க்கையில் மற்றக் கெழுக்களின் கூடுதலைவிடப் பெரிதாக இருந்தால் போதும். நம் கதிர்க்கட்டுக் கணக்கில் மூலைவிட்டத்தில் 3, மற்ற இரண்டின் கூடுதலும் 3. அந்த உறுதி இங்கே கிடைக்காது. நீக்கலுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.