ஹோல்கா 120என்: நம்பக்கூடிய குறைகளும் நம்பக்கூடாத குறைகளும்

அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் பிரசாரத்தில், விலை உயர்ந்த கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த பத்திரிகைப் படக்காரர்களுக்கு நடுவே டேவிட் பர்னெட் ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் வைத்திருந்தார். அதில் எடுத்த வேட்பாளர் அல் கோரின் படம் ஒன்று 2001-இல் வெள்ளை மாளிகைச் செய்திப் படக்காரர்கள் சங்கத்தின் போட்டியில் பரிசு வாங்கியது. அந்தப் பெட்டிதான் ஹோல்கா. அதற்குப் பிறகு "பொம்மைக் கேமராவாலேயே பரிசு வாங்கலாம்" என்று ஒரு பேச்சு பரவியது. பாதி உண்மை. பர்னெட் பல ஆண்டு போர்க்களங்களையும் ஒலிம்பிக் போட்டிகளையும் எடுத்துப் பழகிய கை. ஓரம் எவ்வளவு இருளும், எந்த இடத்தில் நிற்பவர் மட்டும் தெளிவாக விழுவார் என்று தெரிந்துதான் அவர் அதைத் தூக்கினார்.

ஹோல்காவை வாங்குபவர்கள் குழம்பும் இடமும் இதுதான். இதன் குறைகள் இரண்டு வகை. ஒரு வகை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வரும். அதை நம்பிப் படம் எடுக்கலாம். இன்னொரு வகை எப்போது வரும் என்றே தெரியாது, ரோலையே கெடுத்துவிடும். முதல் வகைக்காகத்தான் காசு கொடுக்கிறோம். இரண்டாம் வகையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அடைத்துவிட வேண்டும்.

முதலில் கருவி. 1980-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் டி. எம். லீ உருவாக்கியது. அப்போது சீனாவில் 120 அளவு பிலிம் (தாள் ஒட்டிச் சுற்றிவரும் அகலமான ரோல்) பரவலாகக் கிடைத்தது; சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு கேமரா என்பதே திட்டம். 35 மில்லிமீட்டர் பிலிம் வந்து அந்தச் சந்தையை எடுத்துக்கொள்ள, ஹோல்கா வெளிநாட்டுக் கலைக்கல்லூரி மாணவர்களின் கைக்குப் போனது. 'நல்ல வெளிச்சம்' என்று பொருள்படும் கான்டனீஸ் சொல்லிலிருந்து வந்த பெயர். பொருத்தமான பெயர்தான், வெளிச்சம் குறைந்தால் இது படுத்துவிடும். 2015-இல் உற்பத்தி நின்றது, 2017-இல் மறுபடி வந்தது.

60 மில்லிமீட்டர் லென்ஸ், ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லை. ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, சுமார் 1/100 வினாடி. லென்ஸின் மேல் சூரியன், மேகம் என்று ஒரு மாற்றி இருக்கிறது. அச்சிட்ட கணக்குப்படி எஃப் 11, எஃப் 8 (வெளிச்சம் புகும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறியது). ஆனால் பழைய கேமராக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் மாறாது. உள்ளே இருக்கும் நிலையான துளை அதைவிடச் சிறியது. உண்மையான துளை சுமார் எஃப் 13. கணக்கை அதை வைத்தே போடுங்கள்: சென்னை நண்பகல் வெயிலுக்கு ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு எண்) 100 அல்லது 125 பிலிம், மேகமூட்டத்துக்கு 400. வெயிலில் 400 போட்டால் இரண்டரை ஸ்டாப் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). கறுப்பு வெள்ளை நெகட்டிவும் கலர் நெகட்டிவும் இதைத் தாங்கும், ஸ்லைடு பிலிம் தாங்காது. மர நிழலிலும் வீட்டுக்குள்ளும் 400 கூடப் போதாது. பிளாஷ் வேண்டும், இல்லையென்றால் ஸ்டாண்டு போட்டு 'பி' நிலையில் எடுக்க வேண்டும்.

அந்த 'பி' தான் பெரிய வில்லன். லென்ஸுக்கு அடியில் 'என்' (சாதாரணம்), 'பி' என்று இரண்டு நிலை உள்ள ஒரு சின்ன நெம்புகோல். பைக்குள் போட்டு எடுக்கும்போதே அது 'பி' பக்கம் நகர்ந்துவிடும். விரல் வைத்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். முழு ரோலும் வெளுத்து, அசைந்து வரும். அதை 'என்' நிலையில் வைத்து ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸ் மூடியும் அப்படித்தான். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் தனி ஓட்டை என்பதால் மூடி இருப்பதே தெரியாது. அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவது நல்லது.

பின்மூடியை இரண்டு பக்கமும் தகர கிளிப் பிடித்திருக்கிறது. தோளில் மாட்டும் வாரும் அதே கிளிப்பில்தான் மாட்டுகிறது. வார் இழுபட்டால் கிளிப் மேலே ஏறும், நடுத்தெருவில் பின்மூடி கழன்று விழும். கிளிப்பின் மேல் டேப், அல்லது வாரை மாட்டாமலே இருப்பது. மூடி உடலோடு சேரும் விளிம்பு முழுக்க ஒரு சுற்று டேப் சுற்றுங்கள். எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலுக்குத் தனி டேப், பிலிமைச் சுற்றும்போது மட்டும், அதுவும் நிழலில் நின்று தூக்கிப் பாருங்கள். சாதாரண செலோ டேப் வெளிச்சத்தை விடும். எலக்ட்ரிக்கல் டேப் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். துணியால் ஆன கறுப்பு காஃபர் டேப்தான் சரி.

ஜன்னலுக்குப் பக்கத்தில் 12, 16 என்று ஓர் அம்புக்குறி, ஒரு ரோலுக்கு எத்தனை படம் என்று. உள்ளே போட்டிருக்கும் சட்டம் சதுரம் என்றால் 12, செவ்வகம் என்றால் 16. சதுரச் சட்டத்தைப் போட்டு அம்பை 16-இல் விட்டால் ஒரு படத்தின் மேல் அடுத்த படம் ஏறும். தற்செயலான கலை என்று சிலர் இதையும் மாட்டிவைக்கிறார்கள், அது வேறு விஷயம்.

அதிகம் பேருக்குத் தெரியாதது, பிலிம் தளர்வாகச் சுற்றிக்கொள்வது. இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் உள்ளே இல்லை. அதனால் 12 படமும் முடிந்து வெளியே எடுக்கும்போது ரோல் கொழுத்துக் கிடக்கும். ஓரங்கள் வழியாக வெளிச்சம் ஏறி, படத்தின் விளிம்பில் அலை அலையாகக் கறை விழும். பிலிம் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, புது ரோல் உட்காரும் இடது அறையில் ஸ்பூலுக்கு அடியில் வையுங்கள். அந்த அழுத்தம் போதும். கழற்றுவது எப்போதும் நிழலில். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒட்டுத்தாளைச் சுற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, உள்சுவர் பளபளப்பு. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்க சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். பளபளப்பற்ற கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம். நன்றாகக் காயவிடாவிட்டால் செதில் உதிர்ந்து பிலிமில் ஒட்டும்.

இவ்வளவையும் அடைத்த பிறகு மிஞ்சுவதுதான் ஹோல்கா: நடுவில் ஓரளவு தெளிவு, வெளியே போகப் போகக் கரைவது, நான்கு மூலையிலும் இருட்டு. இது கேமராவுக்குக் கேமரா சற்று வேறுபடும். ஆகவே முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். லென்ஸில் தூரக் குறிகள் நான்கு: ஒரு தலை 1 மீட்டர், மூன்று தலை 2, கூட்டம் 6, மலை 10-க்கு மேல். அளவு நாடா பிடித்து அளந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வெள்ளைச் சுவரைச் சூரியக் குறியில் ஒன்று, மேகக் குறியில் ஒன்று. நெகட்டிவில் இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் அந்த மாற்றியை மறந்துவிடலாம். பிறகு லென்ஸை மூடிவைத்து, வெயிலில் ஒரு நிமிடம் ஜன்னல் டேப்போடு, இன்னொரு நிமிடம் டேப் இல்லாமல். வெளிச்சம் எங்கே புகுகிறது என்று நெகட்டிவே காட்டிக்கொடுக்கும். மீதி நான்கில் இஷ்டம்போல். வ்யூஃபைண்டர் காட்டுவதைவிடப் பிலிமில் அதிகம் விழும் என்பதும் அதில் தெரிந்துவிடும். நினைத்ததைவிட ஓர் அடி முன்னால் போக வேண்டும்.

ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்கும் படங்களுக்குப் பெயர்பெற்ற மைக்கேல் கென்னா ஹோல்கா படங்களை மட்டும் தொகுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். ஹாசல்பிளாட் என்ற உயர்தரக் கேமராவில் துல்லியமாக வேலை செய்யும் ஆள்; பிளாஸ்டிக் லென்ஸிலும் அவருடைய ஒற்றை மரமும் வெற்று வானமும் அதே அமைதியோடுதான் வருகின்றன. கரையும் ஓரத்தை வெற்றிடமாகப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

இதன் அக்கா முறை டயானா. 1960-களின் ஹாங்காங் தயாரிப்பு, நெகட்டிவ் சுமார் 4 சென்டிமீட்டர் சதுரம், ஒரு ரோலுக்கு 16 படம். நான்சி ரெக்ஸ்ராத் என்ற அமெரிக்கப் படக்காரர் அதில் எடுத்து 1977-இல் 'அயோவா' என்று புத்தகம் கொண்டுவந்தார். பெரும்பாலான படங்கள் ஒஹாயோவில் எடுத்தவை. கனவில் வரும் ஊருக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன. டயானா ஹோல்காவைவிட மென்மை, உடலும் இன்னும் சவலை. இப்போது கிடைக்கும் மறுபதிப்பில் லென்ஸ் மாற்றலாம். முதல் கேமராவாக ஹோல்காவே மேல்.

செக் நாட்டுப் படக்காரர் மிரோஸ்லாவ் டிக்கியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அட்டைக் குழாய், நூல்கண்டு, தகரம் கொண்டு தானே கேமரா செய்தார். அக்ரிலிக் துண்டைப் பற்பசையும் சிகரெட் சாம்பலும் வைத்துத் தேய்த்து லென்ஸ் ஆக்கினார். கியோவ் ஊர்ப் பெண்களை அவர்கள் அறியாமல் எடுத்தவர் என்பதால் அவரைக் கொண்டாடுவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அவர் கருவியின் பக்கத்தில் வைத்தால் ஹோல்கா ஒரு தொழிற்சாலைத் துல்லியம்.

கேமரா மலிவு, பிலிம் மலிவல்ல. கழுவி ஸ்கேன் செய்யும் கூலியையும் சேர்த்தால் சில ரோல்களிலேயே கேமரா விலையைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு இரண்டு ரோல் எடுப்பவர் இதை வாங்க வேண்டாம். கை பழகுவதற்குள் சலித்துவிடும். வாங்கினால் லேபில் கொடுக்கும்போது மூன்று விஷயம் எழுதியே கொடுங்கள்: 120 அளவு, ஓரத்தை வெட்டக் கூடாது, வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகச் சரிசெய்யக் கூடாது. மூலை இருட்டைப் பிழை என்று எண்ணி மென்பொருள் வெளுத்துக் கொடுத்துவிடும். நெகட்டிவை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.