இம்ப்ரோவும் ஸ்கெட்சும்: முதல் வகுப்பை எங்கே தொடங்குவது?

முன்கூட்டி எழுதிய வசனம் எதுவுமின்றி, பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே காட்சியை உருவாக்குவது இம்ப்ரோவ். எழுதித் திருத்தி, ஒத்திகை பார்த்து, சில நிமிடங்களில் நடித்து முடிப்பது ஸ்கெட்ச். இரண்டையும் கற்பிக்கும் பள்ளிகள் பல உள்ளன. ஆனால் எதைக் கருவியாகக் கொள்வது, எதை இலக்காகக் கொள்வது என்பதில் அவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. புதிதாகச் சேர்பவர்களோ பெரும்பாலும் அங்கே படித்துப் புகழ்பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் கடைசிப் படியை எட்டியவர்கள் யார் என்று மட்டுமே காட்டும். முதல் எட்டு வாரங்களில் வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

இன்று பலரும் பெயர் சொல்லும் நான்கு அமெரிக்கப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம்: செகண்ட் சிட்டி, ஐஓ, அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் எனப்படும் யூசிபி, கிரவுண்ட்லிங்ஸ். நேரில் அங்கே செல்ல முடியாதவர்களுக்கும் இந்த ஒப்பீடு பயன்படும். ஏனெனில் உலகின் பிற நகரங்களில் நடக்கும் சிறு வகுப்புகளில் பலவும் இவற்றுள் ஏதேனும் ஒன்றன் பாடமுறையைப் பின்பற்றியோ கலந்தோதான் நடத்தப்படுகின்றன.

இவற்றில் மூத்தது சிகாகோவின் செகண்ட் சிட்டி. வயோலா ஸ்போலின் என்ற நாடக ஆசிரியர் வகுத்த நாடக விளையாட்டுகளை அவருடைய மகன் பால் சில்ஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1955-இல் டேவிட் ஷெப்பர்டுடன் சேர்ந்து காம்பஸ் பிளேயர்ஸ் குழுவைத் தொடங்கிய அவர், 1959 டிசம்பரில் செகண்ட் சிட்டியைத் தொடங்கிய மூவரில் ஒருவரானார். இங்கே இம்ப்ரோவ் முதன்மையாக ஒரு கருவி. எழுதப்பட்ட ஸ்கெட்ச்கள் அடங்கிய நிகழ்ச்சி முடிந்தபின், நடிகர்கள் மீண்டும் மேடையேறி எழுதாத காட்சிகளை நடித்துப் பார்ப்பார்கள்; அவற்றில் எது நிற்கிறதோ அது திருத்தப்பட்டு அடுத்த நிகழ்ச்சியின் ஸ்கெட்சாக மாறும். இந்த நடைமுறையே பள்ளியின் பாடத்திட்டத்திலும் தெரிகிறது. தொடக்க நிலை இம்ப்ரோவ் வகுப்புகளுக்கு முன்னனுபவம் தேவையில்லை. எழுத்துப் பிரிவு தனியாக உண்டு. தேர்ச்சி பெற்றவர்களுக்கான மேல்நிலைப் பயிற்சிக்குத்தான் ஆடிஷன். பெரிய நிறுவனம் என்பதால் ஒரே நிலையைப் பல பயிற்றுநர்கள் கற்பிக்கிறார்கள். அதனால் பள்ளியின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தாலும், உண்மையில் சேர்வது ஒரு குறிப்பிட்ட பயிற்றுநரிடம்தான்.

ஐஓவின் நோக்கம் கிட்டத்தட்ட இதற்கு நேரெதிரானது. 1981-இல் டேவிட் ஷெப்பர்டும் சார்னா ஹால்பர்னும் சிகாகோவிலேயே இம்ப்ரோவ் ஒலிம்பிக் என்ற பெயரில் தொடங்கிய அந்த அமைப்பு, பின்னர் பயிற்றுநர் டெல் குளோஸ் வந்து சேர்ந்ததும், பல காட்சிகளைக் கோத்து ஒரே ஆட்டமாக நீளும் நீள்வடிவ இம்ப்ரோவின் தாயகமாக மாறியது. அங்கே இம்ப்ரோவ் வேறெதற்கும் படிக்கல் அன்று. அதுவே முழுமையான கலை. அதன் அடையாள வடிவமான ஹெரால்டில், ஒரு தொடக்கப் பகுதிக்குப் பின் ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று காட்சிகள் வரும். நடுவே குழு முழுவதும் சேர்ந்து ஆடும் ஒரு பகுதி வரும். பிறகு அதே மூன்று காட்சிகள் காலத்திலோ இடத்திலோ நகர்ந்து மீண்டும் வரும். மூன்றாம் சுற்றில் அவை ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். சுமார் அரை மணி நேரம் நீளும் இந்த ஆட்டத்துக்கு மிகவும் தேவைப்படும் திறன், முன்பு யாரோ சொன்ன ஒரு சொல்லை நினைவில் வைத்து உரிய நேரத்தில் திருப்பிக் கொண்டுவருவது. ஸ்கெட்ச் எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவருக்கு இது சுற்றுவழியாகத் தோன்றலாம். மேடையில் பிறரைக் கேட்கப் பழக வேண்டும் என்று வருபவருக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி குறைவு.

யூசிபி இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது என்று பலர் சொல்வதுண்டு. அதை நான் பாதிதான் ஏற்பேன். ஏமி போலர், மேட் பெஸர், இயன் ராபர்ட்ஸ், மேட் வால்ஷ் ஆகிய நால்வரும் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பெயர்ந்து 1999-இல் அங்கே தங்கள் அரங்கைத் திறந்தனர்; 2005-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் திறந்தனர். ஹெரால்டைச் சிகாகோவிலிருந்து கொண்டுபோனாலும், அவர்களது பாடத்தின் மையம் காட்சியின் ‘விளையாட்டு’தான்: இயல்பான சூழலில் முதலில் தலைகாட்டும் விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடிப்பது, அது உண்மையென்றால் வேறென்னவெல்லாம் உண்மையாக இருக்கும் என்று கேட்டு அதைப் படிப்படியாகப் பெரிதாக்குவது. ஸ்கெட்ச் எழுதுவதும் இதே தருக்கத்தில்தான் இயங்குகிறது. ஆகவே இங்கே இம்ப்ரோவ் கற்றவர் ஸ்கெட்சுக்குப் போகும்போது புதிய மொழி கற்க வேண்டியதில்லை. இம்முறையின் பலவீனமும் அதுவே. தொடக்க நிலையில் மாணவர்கள் விளையாட்டைத் தேடுவதிலேயே குறியாகி, எதிரே நிற்பவர் பேசுவதைக் காதில் வாங்காமல் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

கிரவுண்ட்லிங்ஸ் 1974-இல் கேரி ஆஸ்டின் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் குழு. இங்கே எல்லாம் கதாபாத்திரத்திலிருந்து பிறக்கும்: குரல், நடை, தோள்களை வைத்திருக்கும் விதம், பிறகு அந்த மனிதரின் பிடிவாதம், அதன்பின்தான் அவர் சிக்கும் சூழல். நகைச்சுவை நடிகர் பால் ரூபன்ஸ் தம் பீ-வீ ஹெர்மன் பாத்திரத்தை உருவாக்கியது இங்கேதான். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போவதைப் பணம் கட்டுவது தீர்மானிப்பதில்லை, பயிற்றுநரின் மதிப்பீடு தீர்மானிக்கிறது. மீண்டும் அதே நிலையில் அமரச் சொல்வதும் உண்டு. நடிப்பைத் தொழிலாகக் கொள்ள எண்ணுபவருக்கு இந்தக் கண்டிப்பு நல்லது. வார இறுதியில் சற்றுச் சிரித்துவிட்டு வரலாம் என்று வருபவருக்கு இது தேவையற்ற காயம்.

வேறுபாட்டைக் கொள்கையாகச் சொல்வதைவிட ஒரு காட்சியை வைத்துப் பார்ப்பது எளிது. பத்து ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கிய ஏணியை ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ரொம்பத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சிடுங்க” என்கிறார். “பரவாயில்லைங்க, நான் இன்னும் கூரை மேலதான் இருக்கேன்” என்கிறார் மற்றவர். வகுப்பு சிரிக்கிறது. ஆட்டம் ஒரு நிமிடம் நீடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் தடுமாறி நிற்க, பயிற்றுநர் நிறுத்துகிறார்.

யூசிபி வழிவந்த பயிற்றுநர், விசித்திரம் கூரையில் இல்லை, அந்த மனிதரின் எல்லையற்ற பொறுமையில் இருக்கிறது என்று சொல்லி, அவர் வேறெங்கெல்லாம் இப்படிக் காத்திருப்பார் என்று கேட்பார்: தொலைபேசியில் “சற்றுக் காத்திருங்கள்” என்ற குரலைக் கேட்டு எத்தனை ஆண்டுகளாகக் காதில் வைத்திருக்கிறார்? செகண்ட் சிட்டி மரபினர், கேட்கக் கூச்சப்பட்டே வாழ்க்கையை இழக்கும் மரியாதைக்காரர்களைப் பற்றி இக்காட்சி ஏதோ சொல்ல வருகிறது என்பதைப் பிடித்து, அதை எழுதிக்கொண்டு வரச் சொல்வார். முடிவு எங்கே என்றும் கேட்பார். கிரவுண்ட்லிங்ஸ் பயிற்றுநரின் கேள்வி, பத்தாண்டு வெயிலில் நின்ற மனிதர் இவ்வளவு சாதாரணமாகவா நிற்பார், அவர் குரல் எப்படி இருக்கும் என்பதாக இருக்கும். ஐஓ மரபிலோ, சிரிப்பு வந்ததும் ஏன் பதறினீர்கள், அந்த அமைதியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கலாமே என்ற குறிப்பு வரும். இருபது நிமிடம் கழித்து, முற்றிலும் வேறொரு காட்சியின் வானத்தில் அந்தக் கூரை மனிதரைப் போகிறபோக்கில் யாராவது கைகாட்டினால் பயிற்றுநர் மகிழ்ந்துபோவார்.

இந்த நான்கில் எந்தக் குறிப்பு கேட்டதும் உங்களுக்கு எழுந்து மீண்டும் ஆடத் தோன்றுகிறதோ, அந்த மரபே உங்களுக்கு உகந்தது.

இந்த நான்கு பள்ளிகளுக்கு வெளியேயும் இரு மரபுகளைக் குறிப்பிட வேண்டும். கீத் ஜான்ஸ்டன் லண்டனில் தொடங்கி, பின்னர் கனடாவின் கால்கரி நகரில் 1977-இல் நிறுவிய லூஸ் மூஸ் வழியாக வளர்த்த முறை, மேடையில் இருவருக்கிடையே யார் உயர்நிலை, யார் தாழ்நிலை என்ற ஏற்றத்தாழ்வைக் கவனிக்கச் சொல்கிறது. அவருடைய தியேட்டர்ஸ்போர்ட்ஸ் போட்டி வடிவம் பல நாடுகளில் ஆடப்படுகிறது. மிக் நேப்பியர் 1987-இல் சிகாகோவில் தொடங்கிய அனாயன்ஸ், விதிகளைப் பட்டியலிடுவதையே சந்தேகத்துடன் பார்க்கும் இடம். விதிகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு அது விடுதலை, ஒன்றுமே தெரியாமல் வருபவருக்குச் சற்றுக் குழப்பம்.

மரபைத் தேர்ந்த பிறகு, நடைமுறையில் முடிவைத் தீர்மானிப்பது ஒரு சாதாரணக் கணக்கு. மூன்று மணி நேர வகுப்பு என்றால் இடைவேளை, உடலையும் குரலையும் இளக்கும் பயிற்சிகள், பேச்சு ஆகியவை போக இரண்டு மணி நேரம் மிஞ்சும். இருவர் ஆடும் காட்சியும் அதற்கான குறிப்பும் சேர்ந்து எட்டு நிமிடம் என்றால் 15 காட்சிகள், அதாவது 30 வாய்ப்புகள். வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் ஒருவருக்கு மூன்று. பதினாறு பேர் இருந்தால் இரண்டுகூட முழுதாகத் தேறாது. இம்ப்ரோவ் ஆடித்தான் வரும், பார்த்து வராது. ஆகவே புகழ்பெற்ற பள்ளியின் நெரிசலான வகுப்பைவிட, பத்துப் பேர் கொண்ட பெயர் தெரியாத வகுப்பு முதல் நிலையில் மேலானது என்றே நான் கருதுகிறேன். பயிற்றுநர் முதல் வாரம் முழுவதும் தம் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும் என்பது வேறு விஷயம்.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது பள்ளியின் முதன்மைக் குழுவின் நிகழ்ச்சியை அன்று. முதல் நிலை மாணவர்கள் வகுப்பின் முடிவில் நடத்தும் நிகழ்ச்சியை. பல பள்ளிகளில் அது பொதுமக்களுக்கு அனுமதியுள்ளது. அங்கே நகைச்சுவை எவ்வளவு என்று அளக்காமல், ஒருவர் தடுமாறும்போது மற்றவர்கள் ஓடிவந்து காப்பாற்றுகிறார்களா, அல்லது சுவரோரம் நின்று தம் முறைக்குக் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கற்றுத்தந்ததும் கற்றுத்தராமல் விட்டதும் பயிற்றுநர்தான். தொடுதலுக்கும் பாலியல், சாதி, இன, உடல் சார்ந்த கேலிக்கும் எல்லை எது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்கிறார்களா, புகார் இருந்தால் யாரிடம் போவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று இதைக் கேட்பதில் கூச்சம் எதுவும் தேவையில்லை. இனப் பாகுபாடு குறித்த கடும் விமர்சனத்துக்குப் பின் 2020 ஜூனில் செகண்ட் சிட்டியின் தலைவர் ஆண்ட்ரூ அலெக்சாண்டரே பதவி விலகினார்.

முன்பணமும் கவனிக்க வேண்டியதே. 2020-இல் ஐஓ மூடப்பட்டு, புதிய உரிமையாளர்களின் கீழ் 2022-இல்தான் மீண்டும் திறந்தது. யூசிபியும் 2020-இல் நியூயார்க்கை விட்டு வெளியேறி 2024-இல் திரும்பியது. பெரிய பெயர்களுக்கே இந்நிலை என்னும்போது, சலுகை கிடைக்கிறது என்பதற்காக எல்லா நிலைகளுக்கும் மொத்தமாகக் கட்டணம் செலுத்துவது விவேகமன்று. ஒவ்வொரு நிலையாகச் செலுத்துங்கள். இரண்டாம் நிலையை வேறொரு பள்ளியில் படிக்கவும் தயங்க வேண்டாம்.

ஸ்கெட்ச் வகுப்பைத் தேர்வு செய்யும்போது கேள்விகள் மாறிவிடும். அங்கே மேடை நேரத்தைவிட முக்கியமானது, ஒவ்வொரு வாரமும் நீங்கள் எழுதிய பக்கங்கள் வகுப்பில் பிறரால் சத்தமாக வாசிக்கப்படுகின்றனவா என்பது. தாளில் சிரிப்பாகத் தெரிந்த வரி பிறர் வாயில் செத்து விழுவதைக் கேட்காமல் எழுத்து திருந்தாது. அடுத்த கேள்வி, ஒரே ஸ்கெட்சைத் திருத்தி மறுபடி கொண்டுவர அனுமதி உண்டா என்பது. வாரத்துக்கு ஒன்று என்று புதிது புதிதாக எழுத மட்டும் சொல்லும் வகுப்பில் கையில் திருத்தாத பத்து வரைவுகள் மிஞ்சும். நடிக்கத்தக்க ஒன்றுகூட மிஞ்சாது. எழுத்து மட்டும் போதும் என்பவரும் ஒரு நிலை இம்ப்ரோவ் படித்துவிட்டு வருவது நல்லது, ஏனெனில் நடிகரால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது அங்கேதான் உடலில் பதிகிறது. அதற்குமேல் இம்ப்ரோவ் நிலைகளை ஏறிக்கொண்டே போவது எழுதுவதைத் தள்ளிப்போட ஒரு சாக்காகவும் மாறிவிடும்.

இணையவழி வகுப்புகளிலும் இதே வேறுபாடு தெரிகிறது. ஸ்கெட்ச் எழுதுவதற்குத் திரை ஏறக்குறைய எந்தத் தடையும் இல்லை. வாசிப்பும் குறிப்பும் நேரில் நடப்பதுபோலவே நடக்கும், வேறொரு கண்டத்திலுள்ள பயிற்றுநரும் கிடைப்பார். இம்ப்ரோவுக்கோ அரை நொடித் தாமதம்கூடப் பகை: இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் ஒருவர் குரல் அறுபடும், சிரிப்பு வந்ததா என்பதே தெரியாது, எழுந்து அடுத்தவர் காட்சிக்குள் நுழைவது என்பது இல்லவே இல்லை. அருகில் பள்ளியே இல்லாதவர் எழுத்தை இணையத்தில் கற்றுக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆறேழு பேரைச் சேர்த்து வாரம் ஒருமுறை கூடி, செலவைப் பகிர்ந்து அனுபவமுள்ள ஒருவரை மாதத்துக்கு ஓரிரு முறையாவது அழைத்துக் குறிப்பு கேட்கலாம். அந்த ஒருவர் இல்லாமல் நண்பர்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால், ஒருவர் பழக்கத்துக்கு மற்றவர் சிரித்துப் பழகி, எல்லோரும் ஒரே தவறை நன்றாகச் செய்யக் கற்றுவிடுவார்கள்.