பழைய எம்ஜி-பி காரில் செமி ஸ்லிக் டயர்: செப்பாங்கில் ஓட்டித் தேய்த்த பிறகு

செமி ஸ்லிக், அதாவது காடிகள் குறைவாக, மென்மையான ரப்பரில் செய்த பந்தய வகை டயர், விலை இறங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்றே கிள்ளான் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, நீங்க போட்டிருக்கிற அந்த செமி ஸ்லிக் இப்ப நல்ல விலைக்கு வருதாம். என் டட்சன் 120 ஒய்க்கு எடுக்கலாமா?" எடுக்கலாம், வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இந்த டயர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதையும் உண்டு, அவ்வளவு எரிச்சலும் உண்டு.

என் கார் 1970ஆம் வருட எம்ஜி-பி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. பின்னால் இலைப்பட்டை ஸ்பிரிங், நாலு பக்கமும் அதிர்வை அடக்கும் பழைய நெம்புகோல் வகை டேம்பர். டயர் 185/60 (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 விழுக்காடு), ரிம் 14 அங்குலம். மற்ற விவரங்களெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிடிமானம் அபாரம். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஐந்தாம், ஆறாம் வளைவுகளை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: இடப்பக்கம் நீண்டு சாய்ந்து, உடனே வலப்பக்கம் திரும்ப வேண்டும், வேகம் குறையக் கூடாது. சாதாரண ரேடியலில் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். இந்த டயரில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய இடத்தில் கார் அப்படியே நிற்கிறது. ஒன்பதாம் வளைவுக்கு மேடேறும்போது பிரேக்கை எவ்வளவு தாமதமாக மிதித்தாலும் முன்பக்கம் நழுவுவதில்லை. ஒரு சுற்றுக்கு நாலைந்து விநாடி மிச்சம். ஐம்பது வயதைத் தாண்டிய காருக்கு இது பெரிய வரம்.

அந்த வரத்துக்கு நான் கொடுக்கும் விலை, பந்தய வார இறுதி முழுக்கக் காற்று கேஜும் கையுமாக அலைவது.

செப்பாங்கில் மதியம் தார்ப்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். டயர் சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும், அது எல்லா டயருக்கும் பொது. சாதாரண ரேடியல் அதைப் பொறுத்துக்கொள்ளும். செமி ஸ்லிக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் காரில் சூடான நிலையில் 32 பிஎஸ்ஐ இருந்தால் அருமையாகப் பிடிக்கிறது. 35ஐத் தொட்டதும் டயரின் நடுப்பகுதி மட்டும் புடைத்து, கார் பனிக்கட்டி மேல் ஓடுவதுபோல் வழுக்கத் தொடங்குகிறது. கணக்குப்படி காலை 32 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்தால், உள்ளிருக்கும் காற்று 80 டிகிரிக்குப் போகும்போது 32க்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். உலர்ந்த காற்றுக்குத்தான் இந்தக் கணக்கு.

நம் ஊர்க் காற்று உலர்ந்ததா என்ன?

ரொம்ப நாள் எனக்கு இது புரியவில்லை. அதே 26, அதே வெயில், ஆனால் ஒரு டயர் 33இல் நிற்கும், இன்னொன்று 38க்கு ஓடும். வால்வை மாற்றினேன், கேஜை மாற்றினேன். கடைசியில் காரணம் தெரிந்தது டயரை மாட்டிக் கொடுத்த கடையில். கம்ப்ரஸர் தொட்டிக்கு அடியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும், அதைத் திறந்து காட்டச் சொன்னேன். முதலில் சீற்றம், அப்புறம் தேஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் துருத்தண்ணீர், தரை முழுக்க. அதை எப்போது கடைசியாக வடித்தார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தொட்டியிலிருந்துதான் என் நாலு டயருக்கும் காற்று வந்திருக்கிறது.

டயருக்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும். டயர் 80 டிகிரிக்குச் சூடானால் அது முழுக்க ஆவியாகி, காற்று ஏற்றுகிற அழுத்தத்துக்கு மேல் தனியாக நாலைந்து பிஎஸ்ஐ ஏற்றிவிடும். நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாது என்று சொல்வார்களே, அதில் உண்மை இவ்வளவுதான்: நைட்ரஜனும் மற்ற வாயுக்கள் போலத்தான் விரிகிறது, ஆனால் சிலிண்டரில் வருவது ஈரமில்லாமல் வருகிறது. உலர்ந்த காற்று கிடைத்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும். இந்த அடிப்படையைக்கூடக் கவனிக்காமல், அவ்வளவு விலையுள்ள டயருக்குத் தண்ணீரை அடித்துக் கொடுக்கிறார்களே என்று இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. தம்பி, நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அந்தத் திருகைத் திறக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, காற்றைச் சரிசெய்தாயிற்று. இனி முன் இடது டயர்.

செப்பாங்கில் வண்டிகள் வலஞ்சுழியாக ஓடுகின்றன. 15 வளைவுகளில் 10 வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் எடை முழுவதும் முன் இடது டயரின் மேல் போய் உட்காருகிறது. எம்ஜி-பியின் முன்சக்கரம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய ஒரு டிகிரி பாசிட்டிவ் கேம்பர், அதாவது மேல்பக்கம் வெளியே சாய்ந்தபடி. அதைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையையே மாற்ற வேண்டும். இதில் பிசின் மாதிரி ஒட்டும் டயரைப் போட்டால் கார் உடம்பு இன்னும் அதிகமாகச் சாய்கிறது, சக்கரமும் கூடவே சாய்கிறது, வேலை முழுவதும் வெளி ஓரத்தின் தலையில் விழுகிறது. பிட்டுக்குள் (தடத்தோரம் வண்டி நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்ததும், ரப்பரின் சூட்டை அளக்கும் ஊசி பைரோமீட்டரால் குத்திப் பார்த்தால் வெளி ஓரம் 98 டிகிரி, நடு 90, உள் ஓரம் 70. நல்ல செட்டப்பில் உள் ஓரம்தான் கொஞ்சம் அதிகச் சூடாக இருக்க வேண்டும். என் காரில் தலைகீழ். விரலால் தடவினால் வெளி ஓரத்தில் ரப்பர் சிறு சிறு மணிகளாகச் சுருண்டு கையோடு வரும். உள் ஓரத்தில் புது டயரின் மெல்லிய ரப்பர் முடிகள் அப்படியே இருக்கின்றன! பாதி டயர் வேலையே செய்யாமல் ஓய்வு பெறுகிறது.

இதற்குக் கைகண்ட வைத்தியம் ஒன்று உண்டு. முன் இடது டயரை ரிம்மிலிருந்து கழற்றி வலது ரிம்மில் மாட்டினால், தேய்ந்த ஓரம் உள்பக்கம் போய்விடும், சுழலும் திசைக்கான அம்புக்குறியும் சரியாகவே இருக்கும். ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி, பேலன்ஸ் பார்த்து, அதே கம்ப்ரஸர் தொட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கீழ்க்கையை மாற்றி நெகட்டிவ் கேம்பர், அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி, கொண்டுவரலாம், விற்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். இந்தக் கார் 1970இல் எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். டயருக்காக முதலில் கை, அப்புறம் கெட்டியான ஸ்பிரிங், அப்புறம் நீண்ட வலது வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குகிறதே என்று எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்பு. இது எங்கே போய் நிற்கும்?

பந்தயத்துக்குப் போய்வரும் வழியையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து செப்பாங்குக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், நான் காரை ஓட்டியே போகிறவன். சாயங்காலம் திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ளும். 2009இல் ஃபார்முலா 1 பந்தயத்தையே நிறுத்திய மழை அது. 56 சுற்று ஓட வேண்டியதை 31 சுற்றோடு முடித்து, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். புதிதில் இந்த டயர் ஈரத்திலும் நன்றாகவே பிடித்தது. பாதி தேய்ந்தபின் நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டீயரிங் லேசாகி, கையில் ஒன்றுமே இல்லாதது போலாகும். ஓரத்து வழியில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வருவேன். இதோடு டயர் விட்டம் நான் முன்பு போட்டிருந்த 165 அளவு சாதாரண ரேடியலைவிட நாலு சென்டிமீட்டர் சிறியது, அதனால் வேகமானி ஏழு விழுக்காடு கூட்டிக் காட்டும், இன்ஜினும் தேவைக்கு மேல் கத்திக்கொண்டே வரும்.

போன பந்தயத்துக்கு முன் ஒரு செமி ஸ்லிக்கின் பக்கச்சுவர் வீங்கிவிட்டது. மாற்று டயர் வந்து சேரவில்லை. வேறு வழியின்றிப் பழைய 165 ரேடியலையே மாட்டிக்கொண்டு போனேன். காலையில் ஒரு தடவை காற்று பார்த்ததோடு சரி. கேஜ் பெட்டிக்குள் போனது, வெளியே வரவில்லை.

அன்று ஒன்பதாம் வளைவில் பிரேக்கை விட்டுத் திருப்பியதும் பின்பக்கம் மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெளியே நகர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை ஒரு சுண்டு கூட்டினால் இன்னும் கொஞ்சம் திரும்பும், குறைத்தால் நேராகும். காலாலேயே காரைத் திருப்பலாம். எண்ணெய் பிரஷர் முள் எந்த வளைவிலும் சரியவில்லை. இந்த ஸ்பிரிங்கும் டேம்பரும் எந்த மாதிரி டயரை நினைத்துச் செய்யப்பட்டனவோ, அது கீழே வந்ததும் கார் முழுக்க ஒரே பேச்சாகப் பேசியது. நேரத்தைப் பார்த்தால் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறேன். என்னைவிடச் சிறிய வண்டிகள் தாண்டிப் போயின. ஆனால் சாயங்காலம் பிட்டில் உட்கார்ந்தபோது இன்னொரு தடவை ஓட்ட விடுவார்களா என்று அலுவலர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

120 ஒய்க்கு என் கணக்கு பொருந்தாது, தம்பி. உங்கள் வண்டியில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக இருப்பது. மேலே சக்கரச் சாய்வை மாற்றும் கேம்பர் தட்டு போட்டு இரண்டு டிகிரி உள்ளே சாய்த்தால் டயர் முழு அகலத்துக்கும் வேலை செய்யும். எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஒன்று மட்டும்: விலை இறங்கினால் பழைய சரக்காக இருக்கலாம். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 1822 என்றால் 2022ஆம் வருடம் 18ஆவது வாரம் செய்தது. இந்த வகை ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகிப்போகும். மூன்று வருடத்துக்கு மேற்பட்டது என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

செப்பாங்கில் வேகமாகப் போவதற்கு என் காரில் நான் போட்ட டயர்களிலேயே சிறந்தது இதுதான், அதில் சந்தேகமே இல்லை. அடுத்த செட் வாங்கப் போவதில்லை. 165 ரேடியல் நாலுக்கு நேற்றே சொல்லி வைத்துவிட்டேன்.